மச்சம் இடம் மாறிய அட்டை

மார்ச் 4

என் பசைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். இல்லாவிட்டாலும் இருப்பதாகவே எழுது. இன்னொருவருக்காகக் கவலைப்பட என்னிடம் தெம்பு இல்லை. போன் மணி அடித்தால் பாப்பா விழித்துக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். கல்லூரி மலருக்குப் படம் வெட்டிய கத்தரியும் அதை ஒட்டிய பசையும் காகிதத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது போல.

பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. எப்போது படுக்க வைத்தாலும் தலையை வலப்பக்கமே வைத்துக்கொள்கிறாள். மெல்ல இடப்பக்கம் திருப்பினால், கையை எடுத்ததும் பழையபடி வலப்பக்கம். கழுத்தில் ஏதாவது கோளாறோ என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரோ, "கழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. இடது பக்கம் பார்க்கிற மாதிரி எதையாவது மாட்டி வைங்க" என்கிறார். அத்தை, "அப்படியே அவங்க அப்பன். ஒண்ணைப் பிடிச்சா விடாது" என்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பத்திரிகை அட்டையில் எத்தனை நடிகைகளின் முகத்தைத் திருப்பிப் போட்டிருப்பேன்! பெற்ற பிள்ளையின் முகத்தைத் திருப்பத் தெரியவில்லை.

மருந்துக் கடைக்குப் போனபோது நம் சினிமா வார இதழ் தொங்குவதைப் பார்த்தேன். நடிகையின் உச்சந்தலை, பத்திரிகைப் பெயரில் இரண்டாம் எழுத்தைப் பாதி மறைத்திருக்கிறது. சபாஷ். பெயர் முழுதாகத் தெரிந்தால் ஆள் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் முகம், இதழைத் தைத்திருக்கிற இடப்பக்கம் பார்க்கிறதே, ஏண்டி? புரட்டுகிற வலப்பக்கம் பார்க்க வேண்டும். அவள் பார்க்கிற திசைக்குத்தான் வாங்குகிறவன் கை போகும். படம் எதிர்ப்பக்கம் பார்த்தால், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டுவிடு. ஒருத்தருக்கும் தெரியாது.

உள்ளே, 'அட்டை வடிவமைப்பு' என்ற இடத்தில் இன்னமும் என் பெயரே இருக்கிறது. நடுத்தெருவில் கண் கலங்கிவிட்டது. நாற்காலி பத்திரம்தானே? ஏப்ரல் கடைசியில் விடுப்பு முடிகிறது. அந்த நாற்காலி ஒன்றுதான் நான் இன்னும் நானாக இருக்கிற இடம்.

உன் அரைத்தூக்கக்
கத்தரி

மார்ச் 20

அன்புக் கத்தரிக்கு,

பாப்பாவுக்கு முத்தம், எந்தக் கன்னம் அகப்படுகிறதோ அந்தக் கன்னத்தில்.

ஒரு விபரீதம் நடந்துவிட்டது. இந்த வார அட்டையில் ஒரு புது நாயகி. வந்த படம் எல்லாமே இடப்பக்கம் பார்க்கிறது. நீ சொன்னபடி திருப்பிப் போட்டேன். அழகாக இருந்தது, ஆசிரியரே தலையாட்டினார். இதழ் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது: அவளுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம். ரசிகர்கள் சாமி மாதிரி கும்பிடுகிற மச்சம். நம் அட்டையில் அது வலது கன்னத்துக்குக் குடிபோய்விட்டது!

அவள் அம்மா போன் போட்டார். அலுவலகம் முழுக்கக் கேட்டது. "என் பொண்ணு மச்சத்தை இடம் மாத்த நீங்க யாருய்யா? அந்த மச்சத்தாலதான்யா அவளுக்கு முதல் படமே கிடைச்சது!" ஆசிரியருக்கு முகம் கறுத்துவிட்டது. "யார் பண்ணது இது?" என்று இதழைப் புரட்டினார். உன் பெயர். "வீட்டில இருந்துக்கிட்டே இந்த லட்சணமா?" என்றார். இத்தனை நாளும் அட்டைகளை நீதான் வீட்டிலிருந்து செய்து அனுப்புகிறாய், நான் எடுபிடி என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். இல்லையென்றால் உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டிருப்பார்.

அது என் வேலை என்று நான் சொல்லவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. கோபம் ஆறட்டும், நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். சத்தியமாக.

உன் பசை

மார்ச் 25

பசைக்கு,

உன் கடிதத்தை ஒரு கையில் பிடித்து, மறு கையில் பாப்பாவை வைத்துக்கொண்டு படித்தேன். திட்டக்கூடத் தெம்பில்லை. திருப்பிப் போடச் சொன்னது நான், மச்சத்தைப் பார்க்காமல் விட்டது நீ. ஆளுக்குப் பாதி. அதை அப்படியே அவரிடம் சொல். என் முழுப் பெயரில் உன் பாதியையும் சேர்த்து எழுதிவிடாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: விடுப்பு முடிவதற்குள் சொல்லிவிடு. "வீட்டில இருந்துக்கிட்டே" என்ற அவருடைய வார்த்தையோடு நான் அந்தப் படி ஏற முடியாது.

'அட்டைக்கு உனக்கு எங்கிருந்துதான் யோசனை வருகிறது' என்று முன்பெல்லாம் கேட்பாயே. தீப்பெட்டி, பிஸ்கட் உறை, பேருந்துச் சீட்டு என்று அளந்து விடுவேன். இப்போது மருந்துப் பாட்டில் லேபிளை மட்டும்தான் படிக்கிறேன். அதிலும் எழுத்து ரொம்பச் சின்னது.

பாப்பா இன்னும் வலப்பக்கம்தான். இடப்பக்கம் கிலுகிலுப்பை, சிவப்புத் துணி, இவருடைய பனியன் எல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டேன். மதிக்கவே இல்லை.

கத்தரி

ஏப்ரல் 11

அன்புக் கத்தரிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை கழுத்தை நெரிக்கிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் கூப்பிட்டு, "இனிமே அட்டையை நீயே பாரும்மா. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு அவங்களால முடியாது" என்றார். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "சரி சார்" என்றுதான் வந்தது. இந்த வார இதழில் என் பெயர். இத்துடன் வைத்திருக்கிறேன், மச்சம் இடம் மாறிய அந்த இதழையும் சேர்த்து. நீ பார்த்திருக்கமாட்டாய்.

உனக்கும் இப்போது ஓய்வு வேண்டும் அல்லவா? பாப்பா கொஞ்சம் வளர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம். தப்பாக நினைக்காதே.

என்றும் உன்
பசை

ஏப்ரல் 19

பசைக்கு,

இரண்டு இதழும் கிடைத்தன. புதிய அட்டை நன்றாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை. எல்லாரையும் போல மஞ்சளில் சிவப்பு எழுத்து போடாமல் விட்டாயே, அதற்கே துணிச்சல் வேண்டும். முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தாலும் கண் மட்டும் நம்மையே பார்க்கிறது. புரட்டுகிற பக்கம்தான் பார்க்க வேண்டும் என்ற என் விதி அவ்வளவு பெரிய விதி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

நேற்று ஆசிரியருக்கு நானே போன் செய்தேன். உன் காதுக்கு வேறு யார் மூலமும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். விடுப்பில் போன நாளிலிருந்து ஒரு அட்டையும் நான் செய்யவில்லை என்றேன். நல்ல அட்டைகளும் உன்னுடையவை, மச்சம் மாறிய அந்த அட்டையும் உன்னுடையது, திருப்பிப் போடும் பழக்கம் மட்டும் என்னுடையது என்றேன். மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்ப நான் யாரைத்தான்மா திட்டுறது?" என்றார். "ரெண்டு பேரையும் திட்டுங்க சார், ஆனா எதிர்ல உட்கார வெச்சுத் திட்டுங்க" என்றேன். சிரித்தார். அட்டையை இனி ஆளுக்கொரு வாரம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

நீ என் பெயரைப் போட்டுவைத்தது அன்பு. அதற்காக அன்று தெருவில் அழுதேனே, அது பொய்யில்லை. பழி வந்தபோதும் என் பெயரையே அங்கே விட்டுவைத்தாயே, அதை என்னவென்று சொல்வது?  

ஒரு செய்தி. அந்த மச்சக்கார அட்டையைத் தொட்டிலுக்கு இடப்பக்கச் சுவரில் ஒட்டினேன். பாப்பா மெதுவாகத் திரும்பினாள். இரண்டு பெரிய கண்களையும் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். மச்சம் எந்தப் பக்கம் என்று அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. அத்தை, "அப்பாடா, பிடிவாதம் விட்டுச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ள நான் அடுக்களைக்குப் போனேன்.

மே இரண்டாம் தேதி வேலைக்கு வருகிறேன். ஜன்னலோர மேசை எனக்கு வேண்டும், அதை ஒழித்து வை. உன் நாற்காலியை அதன் எதிரே போடலாம், சுவரைப் பார்த்தும் போடலாம். எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று இந்தத் தடவை நான் சொல்லப்போவதில்லை.

கத்தரி