சுவருக்கு ஒரு மூடி

1976 நவம்பர் 9, செவ்வாய்

விடியலிலிருந்து ஈரப்பனி. பால், முட்டை, பல்ப். நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

யோகன் அண்ணை இன்றும் வேலைக்குப் போகவில்லை. நித்திரை இல்லை. அவருடைய அறைச் சுவருக்குள் யாரோ தட்டுகிறார்களாம். மூன்று தட்டு. ஓய்வு. மறுபடி மூன்று.

நிலத்துக்குக் கீழே இந்த பேஸ்மன்றில் நாங்கள் இருவர்தான். சுவரின் மறுபக்கம் குளியலறை.

"தண்ணிக் குழாய் அண்ணை."

"குழாய் எண்ணித் தட்டுமோடா?"



28ஆம் திகதி அண்ணி யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு, றொறன்ரோ வருகிறார். அண்ணை இப்படியே படுத்திருந்தால் ஃபோர்மன் வேறு ஆள் பிடிப்பான். வேலை இல்லாத வீட்டுக்கு, தட்டுகிற சுவருக்கு, அண்ணி.

10, புதன்

காற்று. வகுப்புக்குப் போகவில்லை. அண்ணை சொல்லச் சொல்லக் கேட்டேன்.

றொறன்ரோவுக்கு வெளியே பிறம்ரனில் புதுவீடுகள் கட்டுகிறார்கள். அண்ணை ட்றைவோல் அடிக்கிறவர்; இங்கே செங்கல் இல்லை, மரச்சட்டத்தில் அடித்த சுண்ணப் பலகைதான் சுவர், உள்ளே வெற்றிடம். பலகையை நிறுத்தி, ஆணி அடித்து, அடுத்த அறை. போன மாதம் ஒரு வீட்டில் கடைசிப் பலகையை அடித்து முடிக்க, உள்ளே மூன்று தட்டு. ஃபோர்மன் வந்து காதை வைத்தான். ஒன்றுமில்லை, அடுத்த அறைக்குப் போ என்றான். போனார்.

"பூனையாய் இருக்கும்."

"பூனை எண்டு மனசுக்குச் சொல்லித்தான் அண்டைக்கு நானும் சாப்பிட்டனான். இப்ப அங்க ஒரு குடும்பம். திரைச்சீலையும் போட்டாச்சு."

என் உளவியல் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. சொல்லவில்லை. பெயரைக் கேட்டு யாரும் நித்திரை கொண்டதில்லை.

இங்கை உங்கட அறைச் சுவரை வெட்டிப் பார்ப்பம் என்றேன்.

12, வெள்ளி

மேலே இருக்கும் வீட்டுக்காரன் சம்மதம். குழாயைத் திறந்து பார்க்க ஒரு வழி அவனுக்கும் தேவையாம். ஒரே நிபந்தனை: கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

தேவை: ஒடுங்கிய வாள், மரச்சட்டம், திருகாணி, ஓரத்துக்கு மெல்லிய பட்டி.

13, சனி

வெயில். சூடில்லாத வெயில்.

கட்டிலை இழுத்தோம். அண்ணை பென்சிலால் சதுரம் கீறினார். வெட்டுமுன் சுவரை மெல்லத் தட்டினார். பகிடிக்கு அல்ல. அடுத்தவன் வீட்டுக்குள் போகுமுன் தட்டுகிற மாதிரி.

வாள் என் கையில். வெள்ளைத் தூள், இரண்டு பேரும் நரைத்துப்போனோம். துண்டு கழன்றது. ரோர்ச் வெளிச்சத்தில் இரண்டு குழாய், சிலந்தி வலை, கட்டினவன் விட்டுப்போன கோப்பிக் கோப்பை. அவ்வளவுதான். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினேன். உள்ளே குழாய் சட்டத்தில் இடித்தது.

"கேட்டீங்களோ?"

"ஓம். ஒருக்கா."

குழாய்க்குப் பழந்துணி சுற்றினோம். ஓட்டையின் உள் ஓரங்களில் மரச்சட்டம். வெட்டிய துண்டையே அதன்மேல் பொருத்தி மூலைக்கொரு திருகாணி. சுற்றிவரப் பட்டி. படத்துக்குச் சட்டம் போட்டது போல. படம்: வெறும் சுவர்.

"இவ்வளவு காலமும் மூடின எனக்கு இண்டைக்குத்தான் ஒண்டைத் திறக்கக் கிடைச்சுது" என்றார் அண்ணை. சிரித்தார். "உதுக்கு ஆரும் சம்பளம் தரமாட்டினம்."

16, செவ்வாய்

அண்ணை வேலைக்குப் போய்வருகிறார். நன்றாக நித்திரை. சோறு இரண்டாம் தரமும். சத்தம் இல்லை.

'அறிவு வென்றது' என்று எழுதி, வெட்டினேன்.

19, வெள்ளி

மழை. அண்ணை பிறம்ரனில். அண்ணிக்காக அறையைக் கூட்டினேன். கட்டிலை நகர்த்தும்போது மூடியில் கை பட்டது. மூடி கையோடு வந்தது.

திருகாணிகள் இல்லை. துளைகளை மட்டமாகப் பூசி, பெயின்ற். உள் ஓரத்தில் அலுமாரிக் கதவுக்குப் போடும் காந்தங்கள். மூடியின் பின்புறத்தில், இருட்டைப் பார்க்கிற பக்கத்தில், மேசை லாச்சியை இழுக்கிற குமிழ் ஒன்று. பித்தளை. நேர்த்தியான வேலை.

பின்னேரம் கேட்டேன்.

"உள்ளுக்கை நிக்கிற ஆளுக்குப் பிடிக்க ஒண்டு வேணுமெல்லோ."

"அண்ணி கேட்டா?"

"குழாய்க்கு எண்டு சொல்லு." பிறகு, சோற்றுத் தட்டைப் பார்த்தபடி: "அது இருக்கிறதாலதான் நான் படுக்கிறன். கழட்டிப்போடாதை, தம்பி."

22, திங்கள்

கடும் உறைபனி. யன்னல் முழுக்க வெள்ளை.

அண்ணை வேலையில். அண்ணி வருமுன் பழையபடி திருகாணி போட்டு இறுக்கிவிடலாம் என்று அறைக்குள் போனேன். திருகாணி நாலு, ஸ்குறூ ட்ரைவர். வீட்டில் தண்ணீர் எங்கும் ஓடவில்லை. மேலேயும் ஆளில்லை.

முதல் திருகாணியை மூலையில் வைத்தேன்.

மூன்று தட்டு. அவசரம் இல்லாமல்.

திருகாணிகளைச் சட்டைப் பைக்குள் போட்டேன். கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தேன். ஒரு ஆள் வெளியே வர அது போதும்.