உள்ளங்கை காட்டும் வேலை

மார்ச் 4, செவ்வாய்

மழை விடவில்லை. பகல் ஷிஃப்ட். பிளாக்ஜாக் சீட்டு மேசையில் ஒரு கிழவர் தோற்றபோது சிரித்தார், ஜெயித்ததும் அழுதார். என்ன ஜென்மமோ.

செடிப் பண்ணை வைத்திருக்கும் க்ரெட்டா தன்னிடம் வந்துவிடச் சொன்னாள். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. சம்பளம் இங்கே வாங்குவதில் முக்கால்தான். ஆனால் பதினோரு வருஷம் கேசினோவில் சீட்டுப் பிரித்துப் போட்டாகிவிட்டது, போதாதா? வீட்டில் வாரிக் சொல்வது சரிதான். எங்கள் மகள் ஹேசலுக்கு சனி, ஞாயிறில் அப்பா மட்டும்தான்.

மார்ச் 6

ஹேசல் சாப்பிட்டு முடித்தாள். எழுந்திருக்கும் முன் கையை ஒரு தட்டு தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் கூரைக்குக் காட்டினாள். மேசையை விட்டு நகரும்போது நாங்கள் செய்வது அது. ஆட்டக் காசு எதையும் கையில் ஒளிக்கவில்லை என்று மேலே இருக்கிற கேமராவுக்குக் காட்ட வேண்டும். அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"யாருக்குடா செல்லம் காட்டுற?"

"மேல இருக்கிறவங்களுக்கு. நீ தினம் காட்டுறியே."

வீட்டிலா? நானா? வாரிக் தட்டைப் பார்த்தபடி, "தூக்கத்துலகூட காட்டுற. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

பயமாக இருக்கிறது.

மார்ச் 7

ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

மார்ச் 21

கடைசி நாள். கேண்டீனில் கேக். எதற்காகச் சேர்ந்தேன் என்று கேட்டால் சொல்லிவிடுவேன்: ஞாயிறன்று கூடுதல் சம்பளம், இலவசச் சாப்பாடு, துவைத்து மடித்துத் தரும் உடுப்பு. எதற்காக இத்தனை நாள் இருந்தேன்? அதுதான் தெரியவில்லை.

சூப்பர்வைசர் டெஸ்மண்ட் கை குலுக்கினான். "போயிட்டு வா, நரெல்."

"வரமாட்டேன்."

"லின்டலும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனா. இப்ப உன் மேசைல நிக்கிறது அவதான், பாரு." அன்பாகத்தான் சொன்னான்.

ஏப்ரல் 2

பண்ணையில் குழாயடியில் யாரோ மோதிரத்தை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்து மேசையில் வைத்தேன். கையைத் தட்டி விரித்தேன். மேலே தகரக் கூரை, ஒரு பல்லி. அவ்வளவுதான்.

ஓடிப்போய் க்ரெட்டாவிடம் சொன்னேன். "நீ எடுத்திருந்தா மட்டும் எனக்குத் தெரியவா போகுது?" என்று சிரித்தாள். என்னை நம்புகிறாள், நல்லவள். எனக்கோ காலுக்குக் கீழே தரை நழுவியது போல இருந்தது.

ஏப்ரல் 9

தூக்கமில்லை. பதினோரு வருஷம் யாரோ என்னை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெற்ற அம்மாகூட அப்படிப் பார்த்ததில்லை. இப்போது யாரும் பார்க்கவில்லை — நான் இருக்கிறேனா?

வாரிக்கை எழுப்பி, என்னையே பாரு என்றேன். பாவம், எழுந்து உட்கார்ந்து பார்த்தான்.

போதவில்லை.

ஏப்ரல் 15

டெஸ்மண்டுக்கு போன் செய்தேன். ஹலோ என்றதுமே, "லாக்கர் அப்படியே இருக்கு. உன் பேரக்கூட எடுக்கல" என்றான். நான் இன்னும் எதுவும் கேட்கவே இல்லை.

மே 3, சனி

கேசினோவில் மதிய ஷிஃப்ட். இரண்டு வாரமாக அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன்.

கேண்டீனில் இருந்தபோது வாரிக் ஒரு வீடியோ அனுப்பினான். ஹேசல் யாரும் பிடிக்காமல் நீச்சல் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நீந்துகிறாள். ஏறி நின்று, கண்ணில் வழியும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் இருக்கிற அம்மாக்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருகிறாள்.

அதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது.