மிதி, பிடி, விடு

ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆடி 6

என் மச்சானுக்கு வெங்கடேஸ்வரி எழுதிக்கொள்வது. சோறு பொங்குகிறேன், தின்கிறேன், உறங்குகிறேன். அதற்கு நலம் என்று பெயர் வைக்க மனசு வரவில்லை. மதுரைச் சிறையில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதும் வீண். நல்லா இருக்கேன் என்றுதான் எழுதுவீர்கள்.

போன வாரம் மனு போட்டுப் பார்க்க வந்தபோது சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருபது பேர் சேர்ந்து கத்தினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்களாம். படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம்.

நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நான் வக்கீல் ஜெபக்குமாரைப் போய்ப் பார்த்தேன். அப்பீலுக்கு நாள் கடந்துவிட்டாலும் கோர்ட்டில் கேட்டு அனுமதி வாங்கலாமாம். அன்றுவரை நன்றாக இருந்த பிரேக் யாருக்கும் தெரியாமல் திடீரென்று போனது என்று காட்ட ஒரு அத்தாட்சி வேண்டுமாம். மெக்கானிக் பில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வண்டியை எங்கே வேலைக்கு விடுவீர்கள் என்று ஜட்ஜ் ஐயா கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் மறந்துபோகுமா? பத்தொன்பது வருஷமா ஒரு மெக்கானிக் கை என் வண்டியில பட்டதில்ல என்றீர்கள். டீக்கடையில் சொல்லவேண்டியதைக் கோர்ட்டில் போய்ச் சொன்னீர்கள். பராமரிக்காத வண்டியை ஓட்டி ஒரு உயிரைக் கொன்றதாக இரண்டு வருஷம் எழுதிவிட்டார்கள்.

பராமரிக்காத வண்டியாம். மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் அதற்கடியில் படுத்த நேரத்துக்குக் கணக்கே கிடையாது. தொண்ணூற்றொன்பது மாடல் கார் அந்தக் கையால்தானே ஓடியது. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை என்று என் தங்கை யுவராணி கேலி பேசுவாள். அவள் பிள்ளைக்குக் காது குத்துக்கு வத்திராயிருப்புக்குப் போகும்போதுதான் இப்படி ஆகிப்போனது. அன்று காலையில் பஸ்லயே போயிருவமா என்று நீங்கள் ஒரு தடவை கேட்டீர்கள். தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு அக்கா பஸ்ல வந்து இறங்குதான்னு நாலு பேரு சொல்லவா என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கிருஷ்ணன்கோவில் திருப்பத்தில் முன்னால் போன பஸ் நின்றது. நீங்கள் மிதித்தீர்கள், பெடல் தரையோடு போனது. இடது பக்கம் ஒடித்தீர்கள். அங்கே கொய்யாப்பழக் கூடையோடு சுடலைமாடத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நானும் பார்த்தேன், மச்சான்.

வண்டி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த நாளில் தார்ப்பாயைப் போட்டு மூடி, யாரும் தொடக்கூடாது என்றீர்கள். நாளைக்கு அதைத் தொடப்போகிறேன். பிரேக்கைக் கழற்றி உள்ளே எது ஒடிந்தது, எது தெறித்தது என்று பார்த்து எடுத்துக்கொண்டு போய் வக்கீல் மேஜையில் வைக்கப்போகிறேன். எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்காதீர்கள். பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான்.

பிரேக்குக் குழாயில் அடைத்த காற்றை வெளியே எடுக்கும்போது நான்தானே சீட்டில் உட்காருவேன். சக்கரத்துப் பக்கம் நீங்கள் குத்தவைத்துக்கொண்டு மிதி, மிதி, பிடி என்பீர்கள். நான் பெடலை அழுத்திப் பிடிப்பேன். நீங்கள் நட்டைத் திறந்ததும் ரப்பர்க் குழாய் வழியே பழைய ஆயில் பாட்டிலில் இறங்கும், பெடலும் என் காலடியில் அமுங்கும். நட்டை மூடி விடு என்று சொன்ன பிறகுதான் நான் காலை எடுக்கவேண்டும். முந்தி எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒரு தடவைகூட நான் முந்தி எடுத்ததில்லை. கடைசியாக விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காற்று எடுத்தோம். பெடல் கெட்டியா இருக்கு என்றீர்கள். முடிந்ததும் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தீர்கள். என்ன என்று கேட்டேன். பழைய ஆயில்டி என்று சொல்லிக் கீழே ஊற்றிவிட்டீர்கள். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த மனுஷனா கவனக்குறைவு?

தைரியமாக இருங்கள். அத்தாட்சியோடு அடுத்த கடிதம் எழுதுகிறேன்.

உங்கள்
வெங்கடேஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆடி 14

மச்சானுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வண்டியைப் பிரித்தேன். தார்ப்பாய்க்குள் எலி கூடு கட்டியிருந்தது, அதை ஒதுக்கவே அரை நாள் ஆனது. பிரேக்கு மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற இரண்டு நாள். உள்ளே எதுவும் ஒடியவில்லை, தெறிக்கவில்லை. பிரேக்கு ஆயிலைத் தள்ளிக் கொடுக்கிற ரப்பர் வாசர் மட்டும் உப்பிப்போய், தண்ணீரில் ஊறின கடலை மாதிரி இருந்தது. அது தன் வடிவத்திலேயே இல்லை.

அதைத் தாளில் மடித்துக்கொண்டு ராஜபாளையத்தில் நீங்கள் வழக்கமாக வாங்குகிற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். அசன் முகம்மது அண்ணன் உட்காரச் சொல்லி, டீ வாங்கிவரச் சொல்லி, உங்களைப் பற்றி விசாரித்தார். ரப்பரைக் காட்டினேன். புது வாசர் ஒன்றை எடுத்து இதன் பக்கத்தில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இது தன்னால கெட்டது இல்ல தங்கச்சி, பிரேக்கு ஆயில் டப்பால யாரோ இஞ்சின் ஆயில மாத்தி ஊத்திருக்காக, அது பட்டா ரப்பர் ஊதிப்போகும், கொஞ்ச நாள் பிடிக்கும், பொறவு பிடிப்பே இருக்காது என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திவிட்டு, டீ ஆறுது குடிங்க என்றார்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் இரண்டு போன பிறகும் ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஊற்றியது நான்தான். நாம் கடைசியாகக் காற்று எடுத்ததற்கு முன்னால், நீங்கள் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் படுத்திருந்த ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமையானால் தண்ணீர், இஞ்சின் ஆயில், பிரேக்கு ஆயில் மூன்றையும் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தீர்களே. உங்களை எதற்கு எழுப்ப என்று நானே பார்த்தேன். பிரேக்கு டப்பாவில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நீங்கள்தான் எல்லா ஆயிலையும் பழைய நல்லெண்ணெய்ப் பாட்டிலில் ஊற்றி ஒரே வரிசையில் வைத்திருப்பீர்கள். பேனாவால் எழுதின பெயர் எண்ணெய் பட்டுக் கலங்கியிருந்தது. இதுதான் என்று நினைத்து எடுத்தேன். கோடு வரைக்கும் கவனமாக ஊற்றி, மூடியைத் துடைத்து மூடினேன். நல்ல வேலை செய்த நினைப்பு எனக்கு. இதென்ன பெரிய காரியம் என்று உங்களிடம் சொல்லக்கூட இல்லை.

சுடலைமாடத்தியைக் கொன்றது நான். உள்ளே இருப்பது நீங்கள்.

நாளைக் காலையில் இந்த ரப்பரை ஜெபக்குமாரிடம் கொடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லப்போகிறேன். உங்களுக்கு எதுவுமே தெரியாது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? என்னைக் கொண்டுபோகட்டும். ஒரு வார்த்தை கேட்காமல் செய்தாள் என்று பின்னால் சொல்வீர்கள். அதனால் உங்கள் பதில் வரும் வரைக்கும் பொறுக்கிறேன், அதற்கு மேல் முடியாது. சீக்கிரம் எழுதுங்கள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

வெங்கடேஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆடி 29

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலே வரி. ஏட்டி, வக்கீல்ட்ட ஒன்னும் கொடுக்காத. பாட்டில்ல எண்ணெய் ரெண்டாப் பிரிஞ்சு நின்னத நான் அன்னைக்கே பாத்துட்டேன். புது ரப்பர் கிட்டுக்கு அசன்ட்ட சொல்லி வச்சிருந்தேன். தெரிஞ்சுதான் வண்டிய எடுத்தேன்.

திரும்பத் திரும்ப அதையே படித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வடிந்து அடுப்பு அணைந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? ஏட்டி என்னத்தடி ஊத்தித் தொலச்ச என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். இல்லையென்றால் சுருக்கென்று பதில் சொல்லியிருப்பேன். சங்கடப்படுவாள் என்று மறைத்தீர்களாக்கும். நான் சங்கடப்பட்டால் என்ன குடி முழுகிப்போகும்? ஒரு பொம்பளை இன்றைக்கும் கூடை வைத்து உட்கார்ந்திருப்பாள். உங்கள் நல்ல குணத்தை நான் எதில் கொண்டுபோய்ப் போட?

இப்படித் திட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் அந்தக் காலை நேரம் ஞாபகம் வருகிறது. பஸ்லயே போயிருவமா என்று கேட்டீர்கள். அதற்கு மேல் உங்களுக்குக் கேட்கத் தெரியாது. நான்தான் மூஞ்சியைத் தூக்கினேன். மெதுவாகப் போனால் போய்விடலாம் என்று நினைத்திருப்பீர்கள், இல்லையா? வழியெல்லாம் நாற்பதுக்கு மேல் போகவில்லை. மாட்டுவண்டி மாதிரி என்னத்துக்கு இப்படி ஓட்டுதிக என்று அதற்கும் நான் பேசினேன்.

அசன் முகம்மது அண்ணனிடம் மறுபடி போனேன். வாய்வரை வந்த பேச்சை அன்று ஏன் விழுங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து மேல் தட்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். அதில் பாண்டிதுரை என்று உங்கள் பெயர். திங்கக்கிழம கேட்டாரு, அடுத்த செவ்வாய் வரும்னேன், சொன்னபடி வந்துச்சு, ஆள்தான் வரல என்றார். அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தீர்கள். கேஸ் நடந்த காலத்தையும் சேர்த்து இரண்டு வருஷமாக அதை வேறு யாருக்கும் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லையாம்.

ஜெபக்குமாரிடம் அப்பீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை என்றேன். நன்றாக இருந்த பிரேக் என்று சொல்ல நமக்கு ஒன்றும் மிச்சமில்லை. முதலிலேயே வேண்டாம் என்றீர்களே, அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

அங்கிருந்து வத்திராயிருப்பு பஸ் ஏறி கிருஷ்ணன்கோவிலில் இறங்கினேன். அதே இடத்தில் சுடலைமாடத்தி மகள் அழகுத்தாய் கூடை வைத்திருக்கிறாள். உள்ளதைச் சொல்லிவிடுவோம், அடித்தால் அடிக்கட்டும் என்றுதான் இறங்கினேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வெயில் கொளுத்துதே, நிழலுக்கு வாங்கக்கா என்றாள். நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பழம் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது, என்னால் தொட முடியவில்லை. மறுபடி போவேனா என்று தெரியாது. போனாலும் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது?

நேற்று அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, புது ரப்பரை மாட்டி, சிலிண்டரைப் பூட்டினேன். இதை எதற்குச் செய்கிறாய் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அந்த வண்டியில் இனிமேல் நீங்களும் ஏறப்போவதில்லை, நானும் ஏறப்போவதில்லை. ஆனாலும் கெட்டதைச் சரிசெய்யாமல் மூடி வைக்க முடியவில்லை. புது பிரேக்கு ஆயில் ஊற்றினேன். கடையில் சீல் பிரிக்காத டப்பாவாக வாங்கி, பெயரை மூன்று தடவை படித்துப் பார்த்துத்தான் ஊற்றினேன்.

காற்று மட்டும் எடுக்க முடியவில்லை. பெடலை மிதித்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு ஓடிவந்து நட்டைத் திறந்தேன். பெடல் இறங்கினதும் கட்டை நழுவி விழுந்தது. நான் மூடுவதற்குள் காற்று உள்ளே போய்விட்டது. ஏழெட்டுத் தடவை பார்த்தேன், அதேதான். பக்கத்து வீட்டு மலைச்சாமி அண்ணன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, நான் வந்து மிதிக்கவா என்று கேட்டார். வேண்டாம்ணே என்று சொல்லிவிட்டேன்.

பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். கால் கடுக்கிற வரைக்கும் அப்படியே இருந்தேன். சக்கரத்துப் பக்கம் யாரும் இல்லை.

இன்னும் பதினேழு மாதம். உங்கள் மேல் உள்ள கோபம் தீரவில்லை, என் மேல் உள்ளதும் தீராது. செத்தவளுக்கு நாம் இரண்டு பேரும் பதில் சொல்லியாகவேண்டும், அதற்கு என்ன வழி என்றும் தெரியவில்லை. ஆனாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கொடுக்கிற சோற்றை ஒதுக்காமல் சாப்பிடுங்கள். வெளியே வந்ததும் வேறு எதுவும் பேசவேண்டாம். நேரே சக்கரத்துப் பக்கம் வந்து குத்தவைத்து, விடு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் நான் காலை எடுக்கமாட்டேன்.

உங்கள்
வெங்கடேஸ்வரி