தம்பிக்காகச் சாட்சி சொல்லப் போனேன்

என் செல்ல மகளுக்கு,

உன் தோழிதான் இந்த விலாசத்தைக் கொடுத்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

உன் மாமாவின் பத்து வருடத் தண்டனையை மறுபடி விசாரித்தார்கள். உன்னிடம் அவன் செய்த குற்றத்துக்குப் பத்து வருடத்துக்குக் குறையவே கூடாது என்றிருந்த சட்டத்தை மேல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இனி எத்தனை வருடம் என்பதை நீதிபதியே எல்லாவற்றையும் கேட்டு முடிவு செய்யலாமாம்.

அவனுடைய வக்கீல் வீட்டுக்கு வந்தார். "நீங்க கூடப்பிறந்த அக்கா. நல்லவன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, மூணு வருஷத்துல வெளிய வந்துடுவாரு." சரி என்றேன். முதல் விசாரணையின்போதும் நான் அவன் பக்கம்தானே நின்றேன்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தலை பாதி நரைத்திருந்தது.

நீதிபதி அம்மா நிதானமாகக் கேட்டார். "உங்க பொண்ணு இதை முதல்ல யார்கிட்ட சொன்னா?"

வக்கீல் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்துபோனது.

"என்கிட்டதாங்க. வாயை மூடுடின்னு அறைஞ்சேன். அப்புறமும் ரெண்டு வருஷம் அவனை வீட்டுல வெச்சு சோறு போட்டேன்."

அவன் சிரிப்பு நின்றது. நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு அதே பத்து வருடத்தைக் கொடுத்தார். "முன்னாடி சட்டம் குடுத்துச்சு. இப்ப எல்லாத்தையும் கேட்டுட்டு நான் குடுக்கறேன்" என்றார்.

அன்று உன்னை அறைந்ததற்கு எந்த நீதிமன்றமும் எனக்குத் தண்டனை கொடுக்கவில்லை. நீதான் பேசாமல் இருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அதைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா