ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி

மார்ச் 3, திங்கள்

சனிக்கிழமை நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மனசில் கிடந்து அரிக்கும்.

என் நாத்தனார் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். அன்று காலை, கால் புண்ணோடு படுத்திருக்கும் ஒரு தையற்காரருக்கு இன்சுலின் போட்டிருக்கிறாள். போட்டதை நான் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆப்பில் பதிந்திருக்கிறாள். சேமிப்பதற்கு முன், போன வாரம் புண் எப்படி இருந்தது என்று படத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். திரும்பி வருவதற்காகப் போனில் பின்னால் போகும் பட்டனை அழுத்தினாள். ஆப்பே மூடிக்கொண்டது. பதிந்தது அத்தனையும் போயிற்று. அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. மறுபடி பதிய மறந்துவிட்டாள்.

மத்தியானம் வந்த இன்னொரு நர்ஸ் ஆப்பைத் திறந்தால் காலைக் கட்டம் காலி. ஊசியில் மருந்தை ஏற்றியே விட்டாள். தையற்காரரின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காலையிலயே போட்டாச்சேம்மா" என்று சொன்னதால் தப்பித்தது.

அந்த அம்மா குளிக்கப் போயிருந்தால்?

நாத்தனார் என்னைத் திட்டவில்லை. அதுதான் சுட்டது. "அண்ணி, நாங்கல்லாம் பழையபடி நோட்டுக்கே போயிடலாம்னு பேசிட்டிருக்கோம்." அவ்வளவுதான் சொன்னாள்.

மார்ச் 4, செவ்வாய்

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆப்பில் நாற்பத்து மூன்று திரைகள். நோயாளிப் பட்டியல், மருந்து, புண் படம், எல்லாம் ஒரே முகவரியில் குடியிருக்கின்றன. எனக்கு முன்னால் இருந்தவர் 'இப்போது எந்தத் திரை' என்று ஒரே ஒரு குறிப்பை வைத்து அத்தனையையும் மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் ஆரம்பித்தபோது மூன்றே திரைகள். ஆனால் பிரவுசருக்கு இது எதுவும் தெரியாது. அதன் கணக்கில் நர்ஸ் வந்ததிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறாள். பின்னால் போ என்றால் தெருவில் கொண்டுபோய் விடுகிறது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும். திரைக்கும் அப்படித்தான்.

'அவசர'த்திடம் சொன்னேன். எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. என்னைவிட ஒன்பது வயது சின்னவர். அனுப்புகிற எல்லாச் செய்தியையும் அந்த வார்த்தையில்தான் தொடங்குவார். 24-ஆம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து ஆப்பைப் பார்க்க வருகிறார்கள், வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அன்றே முடிவு. அதனால் அவருக்கு வேண்டியது மேலே கலர் கலராக ஒரு மெனு. பார்க்கப் பளிச்சென்று இருக்குமாம்.

மெனு போட்டுப் பூசி மெழுகினால் பின்னால் போகும் பட்டன் திருந்தாது என்றேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் முகவரி கொடுக்க வேண்டும், நாங்கள் ஆப் எழுதும் ரியாக்ட்டில் அதற்கென்றே ரவுட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது, எனக்குப் பதின்மூன்று வேலை நாள் வேண்டும்.

"எல்லாம் உடைஞ்சிட்டா என்னக்கா பண்றது?"

"உடைக்கத்தான் போறேன். திரும்பக் கட்டிடுவேன்."

சொன்ன பிறகுதான் என் வாய் சொன்னது என் காதில் விழுந்தது. எட்டு வருஷம் பிள்ளைகளோடு வீட்டில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் வேலைக்குத் திரும்பியவள் நான். இருக்கட்டும். இந்த வேலை எனக்குத் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எல்லாத் திரைகளையும் வரைந்து சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பினேன். எங்கிருந்து எங்கே போகலாம் என்று கோடுகள், ஒவ்வொன்றின் மேலும் முகவரி. இவர் வந்து பார்த்துவிட்டு, "வீடு மாத்தப் போறமா?" என்று கேட்டார். ஆமாம், நாற்பத்து மூன்று பேருக்கு, என்றேன்.

எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது திரைகள் மற்றவற்றின் நகல்கள், பெயர் மட்டும் வேறு. பதினொன்றை இதுவரை யாரும் திறந்ததே இல்லை. மிச்சம் பதின்மூன்று. மலையைப் போல நின்றது மேஜைக்குள் அடங்கிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

மாதிரி நோயாளி ஒருவரை வைத்துப் பார்த்தேன். பட்டியல், நோயாளி, புண் படம், பின்னால். நோயாளியிடமே வந்து நின்றது. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 10, திங்கள்

பாதி பதிந்த விவரம் பக்கத்தோடு சேர்ந்து சாகக் கூடாது. அதைப் பக்கங்களுக்கு வெளியே பொதுவான ஓர் இடத்தில் வைத்தேன். இப்போது நர்ஸ் எங்கே சுற்றிவிட்டு வந்தாலும் எழுதியது எழுதியபடி இருக்கிறது. உள்நுழையாதவர் ஒரு நோயாளியின் லிங்க்கைத் தொட்டால், கடவுச்சொல் கேட்டுவிட்டு நேராக அந்த நோயாளியிடமே கொண்டுபோய் விடுகிறது. முன்பெல்லாம் வாசலோடு சரி.

'அவசரம்' மூன்று முறை என் மேஜைப் பக்கம் வந்து ஒன்றும் கேட்காமல் திரும்பினார்.

மார்ச் 12, புதன்

நாத்தனாரோடு அவள் வண்டியில் நாள் முழுக்கச் சுற்றினேன். வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே சம்மதம் வாங்கியிருந்தாள்.

நான் மேஜையில் உட்கார்ந்து யோசித்ததில் பாதி பிசகு. அவள் வலது கையில் உறை, அந்தக் கை மருந்துக்கு மட்டும். போன் இடது கையில். கட்டைவிரல் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுதான் அவளுக்கு ஆப். 'அவசரம்' கேட்ட மெனுவை மேலே வைத்திருந்தேன். நாள் முழுக்க ஒருமுறைகூட அவள் அதைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது அவ்வளவு உசரத்துல இருக்கு அண்ணி. ஏணியா வச்சிக்க முடியும்?"

தையற்காரர் வீட்டுக்கும் போனோம். ஒல்லியான மனிதர். கட்டை அவிழ்க்கும்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். புண் குதிகாலுக்கு மேலே, ஒரு கரண்டி அகலம். காலி ஊசியும், சனிக்கிழமையும், எங்கள் ஆப்பும் ஒரே அறையில் இருந்தன.

சாயங்காலமே மெனுவைக் கீழே இறக்கினேன். ஏழு இருந்ததை நான்காக்கினேன்: இன்று, நோயாளிகள், மருந்து, நான். எந்தப் பக்கத்தில் இருக்கிறோமோ அதற்கு மட்டும் அழுத்தமான நிறம்.

மார்ச் 14, வெள்ளி

யானைக்கும் அடி சறுக்கியது. யானை என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

முகவரியைப் பார்த்ததும் புரிய வேண்டும் என்று அதிலேயே நோயாளியின் பெயரை வைத்திருந்தேன். நோயாளி, பெயர், கால் புண் என்று வாசிக்க அழகாக இருந்தது. நாத்தனாருக்குச் சோதித்துப் பார்க்க மாதிரி லிங்க் ஒன்றை அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் போன் வந்தது.

"அண்ணி, லிங்க்கைத் தொறக்காமலே யாருக்கு என்ன வியாதின்னு தெரியுதே. இதை நான் தப்பா யாருக்காவது அனுப்பித் தொலைச்சா?"

அந்த நிமிஷம் காது இரண்டும் சூடாகிவிட்டது. எனக்கு ஏன் தோன்றவில்லை? அழகில் மயங்கிவிட்டேன், வேறென்ன. மாதிரிப் பெயர் என்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. சாயங்காலத்துக்குள் பெயரையும் நோயையும் எடுத்துவிட்டு, யாராலும் ஊகிக்க முடியாத எண்களை வைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. சரியாக இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

என் கம்ப்யூட்டரில் எல்லாம் ஓடியது. சர்வரில் ஏற்றி, நோயாளி பக்கத்தில் நின்றுகொண்டு ரீஃப்ரெஷ் பண்ணினேன். 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று வெள்ளையாக வந்தது.

'அவசரம்' பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிவிட்டது. பழைய ஆப்பையே காட்டிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். நான் சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது, ஏனென்றால் இது இன்னதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. முகவரிகள் என் ஆப்புக்குத் தெரியும். சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. எந்த முகவரி கேட்டாலும் முதல் பக்கத்தையே கொடு, மிச்சத்தை ஆப் பார்த்துக்கொள்ளும் என்று அதற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த ஒரு வரியை எழுத 'பூட்டு' மனசு வைக்க வேண்டும். சர்வரைப் பார்த்துக்கொள்பவர். எதையும் திறந்துவிட மாட்டார், அதனால் அந்தப் பெயர். படிவம் நிரப்பி அனுப்பினால் ஒரு வாரம் ஆகும் என்றார். நான் படிவம் நிரப்பவில்லை. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்சுலின் கதையை முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கம்மாவுக்கும் நர்ஸ்தான் வந்து போடுறாங்க. அந்த வரியச் சொல்லுங்க."

மார்ச் 21, வெள்ளி

பதின்மூன்று பக்கம். உள்ளே, வெளியே, பின்னால், முன்னால், ரீஃப்ரெஷ். தப்பான முகவரி அடித்தால் 'இந்தப் பக்கம் இல்லை, பட்டியலுக்குப் போங்கள்' என்று மரியாதையாகச் சொல்கிறது. முடிந்தது. சொன்ன நாளுக்கு முடிந்தது.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர். அதில் தலைமை நர்ஸ் ஒருவர், வந்ததிலிருந்து கைப்பையைக் கீழே வைக்கவில்லை. 'அவசரம்' பெரிய திரையில் காட்ட ஆரம்பித்தார். அந்த அம்மா, அதெல்லாம் வேண்டாம், போனைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

அவர் ஒரு மாதிரி நோயாளியைத் திறந்து பாதி பதிந்தார். படத்தைப் பார்த்தார். பின்னால் அழுத்தினார். எழுதியது அப்படியே இருந்தது. அடுத்து ரீஃப்ரெஷ் பண்ணினார். 'அவசரம்' ஜன்னலைப் பார்க்கப் போய்விட்டார். நான் அந்த அம்மாவின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் நின்றது. நிற்கும் என்று தெரியும், இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

"மாச ஆரம்பத்துல கேள்விப்பட்ட அந்த ஊசி விஷயம் இனி நடக்காதா?"

ஒருத்தி பதிந்தது போனில் அழியாது, சேமித்தால் அடுத்தவளுக்குத் தெரியும், சேமிக்காமல் விட்டால் 'பாதியில் நிற்கிறது' என்று முதல் பக்கத்திலேயே நினைவுபடுத்தும் என்றேன். பதியவே மறந்தால் ஆப்பால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ? இல்லை, சொல்லத்தான் வேண்டும். அந்த அம்மா முதல் முறையாகப் பையைக் கீழே வைத்தார்.

இதை யார் செய்தது என்று கேட்டபோது 'அவசரம்' என்னைக் காட்டினார். "அக்காதான். நான் மெனு மட்டுந்தான் கேட்டேன்."

மார்ச் 25, செவ்வாய்

வைத்துக்கொள்கிறார்களாம். எல்லா நர்சுகளுக்கும்.

ஏப்ரல் 3, வியாழன்

நாத்தனாருக்குக் காய்ச்சல். காலையில் தையற்காரருக்கு மட்டும் போய் ஊசி போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டாள். அவளுக்குப் பதிலாகப் போன நர்சுக்கு எட்டு லிங்க்கை அனுப்பியதோடு அவள் வேலை முடிந்தது. முன்பென்றால் போனிலேயே அரை மணி நேரம் வழி சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பெண் தையற்காரர் பக்கத்தைத் திறந்ததும் மேலேயே இருந்ததாம்: காலை 7.40, போட்டாயிற்று. கட்டை மட்டும் மாற்றிவிட்டு வந்திருக்கிறாள்.

கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்பு இல்லை என்று குறை சொன்னாள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஏப்ரல் 26, சனி

மத்தியானம் நாத்தனார் போன் பண்ணினாள். எடுத்தவுடனே புகார்.

"அண்ணி, ஒரு நோயாளிக்கு இனி வர வேண்டாம்னு பக்கத்தை மூடுறோம்ல, மூடிட்டுப் பின்னால அமுக்கினா மறுபடி அவர் பக்கத்துக்கே போகுது."

யார் பக்கம் என்று கேட்டேன்.

தையற்காரர். புண் முழுசாக ஆறிவிட்டது. இன்சுலினை மனைவியே போடப் பழகிவிட்டார். இவள் கிளம்பும்போது அவர் செருப்புப் போட்டுக்கொண்டு வண்டி வரைக்கும் நடந்து வந்தாராம். அதை அவள் இரண்டு முறை சொன்னாள். அப்புறம் திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றேன்.

"சீக்கிரம் பண்ணுங்க அண்ணி. அவரு அந்தப் பக்கம் திரும்பி வர வேணாம்."

மூடியதும் வரும் பக்கத்தை அவர் பக்கத்துக்கு அடுத்துச் 'சேர்' என்று எழுதியிருந்தேன்; அவர் பக்கத்துக்குப் பதிலாக 'மாற்று' என்று ஒரே ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். திங்கள் வரை காத்திருக்கவில்லை.