பூமி தெரியாத சரிவு

பதிவு 1. நிலையத்து நேரம் 08:10

புதிதாக வருகிறவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டுதான் பதிவைத் தொடங்க வேண்டும். அடுத்த குழு படிப்பதற்காக.

பெயர் வினோலியா. ஊர் புன்னைக்காயல். இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. நிலையம் இருப்பது நிலவின் மறுபக்கத்தில். இங்கிருந்து பூமி ஒருபோதும் தெரியாது, அதன் ரேடியோ இரைச்சலும் எட்டாது. அதனால்தான் ஆண்டெனாக் கம்பிகளைத் தரையெங்கும் விரித்து இங்கே காது வைத்திருக்கிறோம்.

ஆர்வம்: நட்சத்திரங்களே பிறக்காத காலத்தில் ஹைட்ரஜன் வெளியிட்ட அலை. மிகவும் சன்னமானது. இன்னும் பிடிபடவில்லை.

பிற ஆர்வங்கள்: கேரம்.

உடன் இருப்பவர் அபுதாகிர், பொறியாளர். காயல்பட்டினத்துக்காரர். ஊரில் இருவருக்கும் சைக்கிள் போகிற தூரம்தான். சந்திக்க இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

கருவிகள் சீராக உள்ளன.

பதிவு 2. 07:30

நேற்று முதல் பூமியுடன் பேச முடியவில்லை. மேட்டின் மேலுள்ள தொடர்புக் கோபுரம் சாய்ந்திருக்கிறது. சிறு விண்கல் பட்டிருக்கலாம். காக்கா வண்டியை எடுத்துக்கொண்டு சரிசெய்யப் போயிருக்கிறார். இருப்பது ஒரே வண்டி. நானும் வருகிறேன் என்றேன். நிலையத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்றார்.

பதிவு 3. 11:45

கோபுரத்தை நிமிர்த்திவிட்டார். தொடர்புச் செயற்கைக்கோள் அடிவானத்துக்கு மேல் வந்ததும் பூமியுடன் பேசலாம். அதற்கு மாலையாகும். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

பதிவு 4. 12:50

திரும்பும் வழியில் பள்ளத்தின் விளிம்பு சரிந்து வண்டி உருண்டுவிட்டது. அவருடைய கால் வண்டிக்கு அடியில். காற்றுக் குழாயில் கசிவு. கோபுரம் வழியாக அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது.

உடை மாட்டிக்கொண்டேன். வெளிக்கதவு வரை போய்விட்டேன்.

"வராத வினோ. நீ வந்து சேருறதுக்குள்ள என் காத்து முடிஞ்சிரும். உன் காத்தும் பாதி வழிக்குத்தான் வரும். கணக்குப் போட்டுப் பாரு."

போட்டேன். வண்டி போன தூரம், என் நடை வேகம், தொட்டிகளின் கொள்ளளவு. மாற்றுத் தொட்டியைச் சேர்த்தும் போட்டேன். அவர் சொன்னது சரி. இத்தனை வருடம் படித்த இயற்பியல் இன்று இந்த ஒரு விடையைத்தான் தந்தது.

பதிவு 5. நேரம் குறிக்கவில்லை

வலி அதிகம் என்றார். பிறகு குளிர்கிறது என்றார். பிறகு, ஏதாவது பேசு என்றார். என்ன பேசுவது என்று கேட்டேன்.

"நீ என்ன படிக்கிறன்னு ஒருநாளும் ஒழுங்கா கேட்டதில்ல. கம்பிய நான்தான் இழுத்துக் கட்டினேன். எதுக்குன்னு தெரியாமலே கட்டினேன். சொல்லு."

சொன்னேன். காயல்பட்டினத்து முதலாளிகளின் பெரிய வள்ளங்களோடு எங்கள் அப்பாவின் வள்ளமும் கரையில் நிற்கும் என்பதிலிருந்து தொடங்கினேன். அப்பாவின் ஒயர்லெஸ்ஸில் யாரும் பேசாதபோதும் ஓர் இரைச்சல் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் காற்று என்பார். காற்றே இல்லாத நாளிலும் வந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டேன், கல்லூரியில் கேட்டேன். அதில் ஒரு சிறு பங்கு வானத்திலிருந்து வருகிறது என்று ஒரு பேராசிரியை சொன்ன அன்று பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே விடுதிக்குப் போனேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இருட்டு மட்டும் இருந்த காலம் ஒன்று உண்டு, அந்த இருட்டிலும் ஹைட்ரஜன் சும்மா இருக்கவில்லை என்றேன்.

"அது கேக்குமா?"

"கேக்கும் காக்கா. நீங்க கட்டின கம்பியிலதான் கேக்கும்."

"நல்லது" என்றார்.

மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. என் ஆராய்ச்சி வழிகாட்டி, விடுதிச் சோறு, பாதியில் நிற்கும் கட்டுரை என்று என்னென்னவோ சொன்னேன். மூச்சு நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை. நான் பேசிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

பதிவு 6. 18:20

பூமித் தொடர்பு கிடைத்தது. அவர் நிமிர்த்திய கோபுரம் நன்றாக வேலை செய்கிறது.

கட்டுப்பாட்டு அறைக் குரல்: "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?"

"அபுதாகிர் இறந்துட்டார்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பதில் வர இரண்டரை விநாடி ஆகும்.

"வினோலியா, தொடர்பு இல்லாததால குடும்பங்களை இங்க வரச் சொல்லியிருந்தோம். நீங்க பேசினத ஸ்பீக்கர்ல போட்டிருந்தோம். அவங்க உம்மா இங்கதான் இருக்காங்க."

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ அழும் சத்தம். பிறகு ஒரு பெண்குரல் மிக அருகில்.

"எம் மவன் தனியாவா கெடந்தான்?"

"இல்ல உம்மா. நான் பேசிட்டே இருந்தேன்."

"அவன் பேசினானா?"

"கேட்டுக்கிட்டு இருந்தாங்க."



"அவன அடக்காம வந்துராத மவளே. வெளிய போட்டுட்டு வந்துராத."

"சரி உம்மா" என்றேன்.

பதிவு 7. நான்கு நாள் கழித்து, 09:00

என்னை அழைத்துப்போகக் கலம் இறங்கியிருக்கிறது. சிறிய கலம். வண்டி கொண்டுவரவில்லை. விமானியிடம் கேட்டேன், கெஞ்சினேன். அந்தச் சரிவுக்குப் போய்த் திரும்ப எரிபொருள் இல்லை என்று கணக்கைக் காட்டினார். அதுவும் சரியான கணக்கு. கட்டுப்பாட்டு அறை நிலையத்தை மூடச் சொல்லிவிட்டது. அடுத்த குழு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே இதைப் படிக்கிறவருக்கு.

கோபுரத்திலிருந்து நிலையத்துக்கு வரும் சக்கரத் தடத்தைப் பிடித்து வாருங்கள். இங்கே காற்று இல்லை, தடம் அழியாது. அது முடியும் இடத்தில், விளிம்புக்குக் கீழே அவர் இருக்கிறார். பெயர் அபுதாகிர். வயது முப்பத்தொன்று. முடிந்தால் ஊருக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் வண்டியைத் தூக்கி, காலை எடுத்துவிட்டு, மண் தள்ளி மூடுங்கள்.

அவர்கள் வழக்கப்படி முகத்தை ஒரு திசை பார்த்து வைக்க வேண்டும். அந்தத் திசை பூமியில் இருக்கிறது. இங்கிருந்து பூமி எந்தப் பக்கமும் இல்லை, காலுக்கு நேர் கீழே இருக்கிறது. எப்படி வைப்பது என்று உம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். நான்தான் அடக்குவேன் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார், அதனால் கேட்க வாய் வரவில்லை. நீங்கள் வந்தால் அவரிடம் கேளுங்கள்.

விமானி கூப்பிடுகிறார். காக்காவின் அலைவரிசையை இன்னும் அணைக்கவில்லை. அணைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம். ஒரு கை பொத்தானில் இருக்கிறது.