வெள்ளிக்கிழமை விற்ற பங்கு

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
4 பெப்ரவரி 1996

அன்புத் தங்கச்சி வேரோனிக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் குளிரைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை. உன் மச்சாள் கிளடிஸுக்கு மட்டும் முழங்கால் பிடித்துக்கொண்டது. உன் படம் போட்டு வந்த பத்தி கிடைத்தது. பேப்பர் கந்தோரில் பங்கு விலை தட்டச்சு செய்யப் போன பெட்டை, இன்றைக்கு லண்டன் கம்பனிக்காரர் பயப்படுகிற ஆள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கீழறையில் உன் பத்தியை நான் தமிழில் சொல்ல, சனம் கோப்பியும் கையுமாக நின்று கேட்கிறது. ரக்ஸிக் கார் ஓட்டுகிற சீமோன் அண்ணை, "உன்ர தங்கச்சி சொன்னால் அது சுவிசேஷம்" என்கிறார், அதுவும் பாதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ஒரு விஷயம். ஹெரன் லேக் என்று இங்கே ஒரு தங்கச் சுரங்கக் கம்பனி. பொலிவியாவில் மலையே தங்கமாம். பஸ்ஸிலும் சலூனிலும் இதே பேச்சு. வீட்டை இன்னொரு முறை ஈடு வைத்து நானும் பங்கு வாங்கிவிட்டேன். சீமோன் அண்ணை ரக்ஸி ஓடிச் சேர்த்ததெல்லாம் போட்டிருக்கிறார், என்னை நம்பித்தான். நீ உள்விஷயம் தெரிந்தவள். வைத்திருப்பதா, விற்பதா? ஒரு வரி எழுது.

அன்பு அண்ணன்
நீக்கிலாஸ்

லண்டன்
15 பெப்ரவரி 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. ஒரு கம்பனியைப் பற்றி எனக்கு என்ன தெரிந்தாலும், பேப்பரில் வரும்வரை கூடப் பிறந்தவருக்கும் சொல்லக் கூடாது. இது மரியாதைக்கு வைத்த விதி அல்ல, சட்டம். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த றொபேட், தன் மாமனாரிடம் வாய் தவறி ஒன்றைச் சொன்னான். வேலை போய் இப்போது பூங்கன்று விற்கிறான்.

ஆகவே ஹெரன் லேக் பற்றி நல்லதும் சொல்லமாட்டேன், கெட்டதும் சொல்லமாட்டேன். நான் சொல்லாததற்குள் எதையும் தேடாதீர்கள். வீட்டை ஈடு வைத்து எந்தப் பங்கும் வாங்காதீர்கள் என்று வருஷக்கணக்காக எழுதுகிறேன். அந்தப் பத்தியைக் கீழறையில் வாசிக்கவில்லையோ?

மச்சாள் முழங்காலுக்கு என்ன செய்கிறார்? ஓடித் திரியாமல் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அம்மாவின் ஆண்டுப் பூசையை இங்கே ஒப்புக்கொடுத்தேன். வேலையாகக் கொஞ்ச நாள் வெளிநாடு போகிறேன். கோபிக்க வேண்டாம்.

அன்புத் தங்கை
வேரோனிக்கா

ரெக்ஸ்டேல்
25 பெப்ரவரி 1996

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கண்டேன், ஏச்சும் வாங்கினேன். ஆனால் விளங்கிவிட்டது. ஊரில் சண்டை தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் கெட்ட செய்தி கடிதத்தில் வந்ததுண்டா? ஐயாவுக்கு ஷெல் பட்டபோதும் போன், அம்மா கண்ணை மூடியபோதும் போன். தபால்காரன் வந்தால் நிம்மதி. போன் அடித்தால் கிளடிஸ் சிலுவை போட்டுக்கொண்டுதான் எடுப்பாள். நீயோ ஆற அமர இருந்து எழுதி, முழங்காலையும் விசாரித்திருக்கிறாய். கெட்ட செய்தி என்றால் எங்களுக்குப் போன் எடுத்திருப்பாய், எனக்குத் தெரியாதா?

சீமோன் அண்ணையிடமும் சொன்னேன். "அப்ப வைச்சிருப்பம்" என்றவர், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் வாங்கினார். உன்னை நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

நீக்கிலாஸ்

லண்டன்
9 மார்ச் 1996

அண்ணாவுக்கு,

ஹெரன் லேக் பற்றி நான் எழுதியது இன்றைய பேப்பரில் வந்துவிட்டது. பொலிவியாவுக்குத்தான் போயிருந்தேன். அந்த மலையில் தங்கம் இல்லை. சோதனைக்கு அனுப்பிய கல்லை அரைத்த மாவில் நகை அராவிய தங்கத் தூளைக் கலந்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தபோது உங்கள் கடிதம் கதவடியில் கிடந்தது. குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே வாசித்தேன். அண்ணா, நான் அப்படிச் சொல்லவே இல்லையே. உங்களுக்குப் போன் எடுத்தேன். மச்சாள் "ஹலோ" என்றார். வைத்துவிட்டேன்.

ஒரு சொல்லும் பேசவில்லை என்று இரண்டு நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீடு என்ன ஆயிற்று? உடனே எழுதுங்கள்.

வேரோனிக்கா

ரெக்ஸ்டேல்
18 மார்ச் 1996

அன்புத் தங்கச்சிக்கு,

பயப்படாதே. வீடு தப்பியது.

வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வர, "ஆரோ போன் எடுத்திட்டு ஒண்டும் கதைக்காமல் வைச்சிட்டினம், தூரத்துப் போன் மாதிரி இரைஞ்சது" என்றாள் கிளடிஸ். எங்கிருந்து, எதற்கு என்று எனக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை காலை எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். திங்கட்கிழமை அந்தப் பங்குப் பத்திரத்தைக் கடலை சுற்றவும் வாங்க ஆளில்லை.

சீமோன் அண்ணைக்குச் சொல்லவில்லை. அவர் வாயில் ஒன்று நிற்காது. கீழறை முழுக்கப் பரவி உன் வேலைக்கு உலை வைத்திருக்கும். அவருக்கு ரக்ஸியைத் தவிர இப்போது ஒன்றும் இல்லை. நேற்றுப் பூசை முடிய என் கையைப் பிடித்து, "நீரும் என்னைப் போல எல்லாத்தையும் விட்டிட்டீர், என்னை நினைச்சுக் கவலைப்படாதையும்" என்றார். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

நீ யாரிடமும் வாய் திறக்காதே. நீ ஒன்றும் பேசவில்லைத்தானே.

உன் அண்ணன்
நீக்கிலாஸ்

லண்டன்
29 மார்ச் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீடு தப்பியது என்று வாசித்ததும் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கமாட்டேன். ஆனால் சீமோன் அண்ணை உங்கள் கையைப் பிடித்த இடத்துக்கு அப்பால் என்னால் வாசிக்க முடியவில்லை. நீங்கள் வெள்ளிக்கிழமை விற்றதையும் யாரோ ஒருவர் வாங்கியிருப்பார். அவருக்கும் ஒரு வீடு இருக்கும்.

பிறர் மறைத்ததை எழுதித்தான் நான் இவ்வளவு பேர் எடுத்தேன். பேப்பர் ஆசிரியரிடம் போய் அந்தப் போனைப் பற்றிச் சொன்னேன். "பேசவே இல்லையே" என்று அவரும் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எங்கள் வீட்டுக்குப் போன் வந்தால் என்ன அர்த்தம் என்று விளக்கினேன். விற்றவர் பெயரைக் கேட்டார். கொடுத்தேன்.

என் பத்தி இனி வராது. வேறு பேப்பரும் என்னை எடுக்காது. ரொறன்ரோவில் பங்குச் சந்தையை மேற்பார்க்கிறவர்கள் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று மச்சாள் அழுவார். நானும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

சீமோன் அண்ணைக்கும் எல்லாவற்றையும் எழுதி நேற்றே தபாலில் போட்டேன். இது உங்கள் கைக்கு வருமுன் அவர் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார். வந்து தட்டியிருந்தால், கதவைத் திறந்தீர்களா அண்ணா?

வேரோனிக்கா